முளையில் இருக்கிறது விஷயம்: மெழுகு உருளை அலமாரியைப் புதுப்பிப்பது எப்படி?

[காட்சி: மங்கிய பொன்னிற ஓக் மரத்தில் இடுப்புயர அலமாரி. ஒரு கை மேல் இழுப்பறையை மெதுவாக வெளியே இழுக்கிறது.]

வணக்கம். இந்த இழுப்பறைக்குள்ளே பாருங்கள். கட்டைவிரலைவிடப் பருத்த மர முளைகள் வரிசையாக நிற்கின்றன. நடுநடுவே பல் விழுந்த இடம் மாதிரி காலி. முதல் தடவை பார்ப்பவர்கள் பலரும் இதை நூற்கண்டு வைக்கிற அலமாரி என்றுதான் நினைக்கிறார்கள். இது பாட்டு வைக்கிற அலமாரி.

தட்டு ரெக்கார்டு ஊரை ஆள்வதற்கு முன்னால் பாட்டு உருளையில் இருந்தது. எடிசன் 1877இல் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவு இயந்திரத்தைச் செய்தபோது உருளைமேல் மெல்லிய உலோகத் தாளைச் சுற்றி அதில் ஒலியைப் பதித்தார். பிறகு மெழுகு உருளை வந்தது. 1902இல் அச்சில் வார்த்த கடினமான கறுப்பு உருளை. நிமிடத்துக்கு 160 சுற்று, இரண்டு நிமிடப் பாட்டு. 1908இல் பள்ளங்களை இரண்டு மடங்கு நெருக்கி, நான்கு நிமிடம் ஓடுகிற ஆம்பரால் உருளையைக் கொண்டுவந்தார்கள். 1912இல் நீல நிற செல்லுலாய்டு உருளை. 1929இல் எடிசன் நிறுவனம் இந்தத் தொழிலையே விட்டுவிட்டது.

இத்தனை மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. வீட்டுக்கு வந்த சாதாரண உருளையின் வெளி விட்டம் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர், நீளம் 107 மில்லிமீட்டர். அளவு ஒன்றாகவே இருந்ததால்தான் அதற்கென்று அலமாரி செய்யவே ஒரு தொழில் உண்டானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சாகினா என்கிற ஊர் மரத்துக்குப் பேர்போனது. அங்கிருந்த ஹெர்சாக் ஆர்ட் ஃபர்னிச்சர் கம்பெனியின் உருளை அலமாரிகளை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

[காட்சி: ஒரு முளையும் ஒரு கறுப்பு உருளையும் பக்கத்துப் பக்கத்தில்.]

இந்த அலமாரிகளில் காணாமல் போவது பெரும்பாலும் முளைதான். உருளையை அட்டைக் குழலிலிருந்து எடுத்து, நிமிர்த்தி, முளைமேல் மாட்டிவைப்பார்கள். உருளையின் உட்புறம் ஒரு பக்கம் கொஞ்சம் அகலம், மறுபக்கம் கொஞ்சம் குறுகல். அகலமான வாய் கீழே போகும். குறுகிய வாயின் விளிம்பில்தான் பிற்காலத்து உருளைகளில் பாட்டின் பெயரைப் பதித்திருப்பார்கள், அது மேலே வரும். இழுப்பறையைத் திறந்து குனிந்தால் போதும், பெயர்களைப் படித்துவிடலாம். அழகான யோசனை.

காலப்போக்கில் முளை உடையும், பசை விட்டுக் கழன்று தொலையும். உருளைகளைத் தூக்கி எறிந்துவிட்டு அலமாரியில் தட்டுமுட்டுச் சாமான் வைத்தவர்கள் முளைகளை வெட்டியே எடுத்திருக்கிறார்கள். அதனால் பழைய அலமாரி வாங்கினால் உங்கள் முதல் வேலை முளை கடைவதாகத்தான் இருக்கும்.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முளை ஆடாமல் கச்சிதமாக இருக்கட்டும் என்று உருளையின் உள்வாய்க்கு ஏறக்குறைய அதே அளவில் கடைந்தேன். மாட்டும்போது அவ்வளவு திருப்தியாக இருந்தது. குளிர்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் இழுப்பறையைத் திறந்தால் ஒரு கறுப்பு உருளை மேலிருந்து கீழ்வரை நேர்கோடாகப் பிளந்து கிடந்தது. யாரும் தொடவில்லை. குளிரில் மெழுகு மரத்தைவிட அதிகமாகச் சுருங்கும். உள்ளே இருக்கிற முளை இடம் கொடுக்காவிட்டால் உருளைக்கு விரிசல் விடுவதைத் தவிர வேறு வழியில்லை. பாடி முடிந்த உருளையை, இயந்திரத்தில் அதை மாட்டுகிற தண்டிலேயே விட்டுவைக்கக் கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம். நூறு வருடத்துக்குமேல் பிழைத்துவந்த ஒரு குரலை நான் கடைந்த முளை உடைத்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனது சங்கடப்படுகிறது.

ஆகவே, முளை தளர்வாகத்தான் இருக்க வேண்டும். குறுகிய வாயை வெர்னியர் அளவுகோலால் அளந்து, அதைவிட நன்றாகவே குறைத்துக் கடையுங்கள். நான் இப்போது ஐந்தாறு மில்லிமீட்டர் குறைக்கிறேன். நீல உருளைக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். அதன் உள்ளே இருப்பது பாரிஸ் சாந்து, அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஈரம் பட்டால் அது உப்பி, உள்வாய் சிறுத்துவிடும்.

உயரமும் முக்கியம். உருளையை எப்படி எடுப்பது என்று பாருங்கள்.

[காட்சி: இரண்டு விரல்கள் உருளையின் மேல்வாய்க்குள் நுழைந்து, விரிந்து, உருளையை மேலே தூக்குகின்றன.]

இரண்டு விரலை உள்ளே விட்டு லேசாக விரித்தால் உருளை விரலோடு வந்துவிடும். வெளிப்புறத்தைத் தொடவே கூடாது. ஒலி இருப்பது அங்கேதான், கையின் சூடும் எண்ணெய்ப் பசையும் அதற்கு ஆகாது. விரல் உள்ளே போக இடம் வேண்டுமானால் முளை உருளையைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். என் அலமாரியில் பிழைத்திருந்த பழைய முளைகள் அப்படித்தான் இருந்தன. உருளையின் உயரத்துக்கு முளை கடைந்தவர்கள் உருளையை ஒருபோதும் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

முளையை எங்கே நிறுத்துவது என்று தேட வேண்டாம். இழுப்பறையின் அடிப்பலகையை ஈரமில்லாத தூரிகையால் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பழைய முளை நின்ற இடம் சுற்றிலும் நிறம் மாறிய ஒரு வட்டமாகத் தெரியும். வட்டத்துக்குள்ளே தேன் நிறத்தில் பசை ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் வச்சிரம், தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. நம் ஊர்த் தச்சர்களும் ஒரு காலத்தில் அடுப்பில் உருக்கி ஊற்றியது இதே சங்கதிதான். வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் வைத்தால் இளகிவிடும். புது முளைக்கும் வச்சிரத்தையே போடுங்கள். நாளைக்கு வேறொருவர் கழற்ற நினைத்தால் கழற்ற முடியும். எப்பாக்ஸி போட்டால் அடிப்பலகையை உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

சில அலமாரிகளில் முளை மரமே இல்லை, காகிதத்தைச் சுருட்டி ஒட்டிய அட்டைக் குழல். அதற்கு மரத்தைக் கடைந்து வைக்காதீர்கள். அமிலமில்லாத காகிதத்தை ஒரு கம்பியில் சுருட்டி, கோதுமைப் பசையால் ஒட்டி, நிழலில் காயவிட்டால் அதே மாதிரி வந்துவிடும்.

[காட்சி: ஓக் பலகை, வெட்டு முகத்தில் மின்னும் பட்டைகள்.]

சரி, மரத்துக்கு வருவோம். முகப்பில் ஒரு சட்டம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓக் வாங்கினால் மட்டும் போதாது. அந்தக் காலத்து முகப்புப் பலகைகளைப் பெரும்பாலும் மரத்தின் நடுவிலிருந்து வெளிப்பட்டை நோக்கிப் பிளக்கிற மாதிரி அறுத்திருப்பார்கள். அப்படி அறுத்தால்தான் இந்த மினுமினுக்கிற பட்டைகள், புலிவரி மாதிரி, வெளியே தெரியும். சாதாரணமாக அறுத்த ஓக்கில் வளைவு வளைவாகக் கோடு விழும். எவ்வளவு நிறம் ஏற்றினாலும் கண் ஏமாறாது.

இன்னொன்று. கையால் செய்தால்தான் உசத்தி என்று நாம் பழகிவிட்டோம். 1900க்குப் பின் வந்த தொழிற்சாலை அலமாரிகளில் இழுப்பறை மூலையில் இருக்கிற புறாவால் இணைப்புகள், அதாவது விரல் கோத்த மாதிரிப் பல்லும் பல்லும் பூட்டுகிற இணைப்புகள், இயந்திரம் வெட்டியவை, எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. அங்கே போய் உளியால் அழகாக, கொஞ்சம் கோணலாக வெட்டிவைத்தால் அது அந்த அலமாரியின் பல்லாக இருக்காது. இயந்திரத்தில் செய்ததற்கு இயந்திரத்தில்தான் செய்ய வேண்டும்.

திருகாணி விஷயத்தில் பலர் கோட்டைவிடுகிறார்கள். நான்கு முனைத் தலையுள்ள திருகாணி 1930களில்தான் பரவியது. இந்த அலமாரிகளுக்கு ஒற்றைக் கீறல் திருகாணிதான் பொருந்தும். பழைய ஓட்டையையே பயன்படுத்துங்கள். எது பழைய ஓட்டை? ஓக்கில் இரும்பு பட்டால் மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை மாதிரி கறுத்துவிடும். ஓட்டையைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் அங்கே ரொம்ப நாள் இரும்புத் திருகாணி இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

[காட்சி: மேசைமேல் இரண்டு பித்தளைக் கைப்பிடிகள்.]

கைப்பிடிக்கு வருகிறேன். நாலு கைப்பிடியில் ஒன்று தொலைந்தால், மிச்சமிருப்பதை மணல் அச்சில் பதித்து வார்ப்பது எளிய வழி. ஆனால் பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு போலச் சுருங்கும். இரண்டு திருகாணி ஓட்டைக்கும் நடுவே 76 மில்லிமீட்டர் இருந்தால் வார்ப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறையும். இது கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் பழைய ஓட்டையில் உட்காராது. அதனால் வார்ப்பில் ஓட்டை வேண்டாம், வார்த்தபின் அளந்து துளையுங்கள். பழையது மெல்லிய தகட்டை அழுத்தி எடுத்ததா என்பதையும் பாருங்கள். பின்பக்கம் குழிந்திருந்தால் தகடு. அதற்குக் கனமான வார்ப்பைப் போட்டால் தொட்டதுமே வித்தியாசம் தெரியும்.

புதுப் பித்தளையின் பளபளப்பைக் குறைக்க, மூடிய டப்பாவில் அம்மோனியா ஆவி காட்டுவார்கள். அசிட்டோனில் துடைத்து, நூலில் தொங்கவிட்டு, கால் மணிக்கொரு தடவை பார்த்தால் பழுப்பு ஏறுவது தெரியும். வெளியில் காற்றோட்டமான இடத்தில், கண்ணாடியும் கையுறையும் போட்டுச் செய்யுங்கள். பிறகு விரல் படுகிற மேட்டை மட்டும் துணியால் தேய்த்துவிட்டால் நாள்பட்ட கைப்பிடிபோல இருக்கும். ஆனால் இந்த வித்தை புது வார்ப்புக்கு மட்டும். பழைய தகட்டுக் கைப்பிடியை அந்த டப்பா பக்கமே கொண்டுபோகாதீர்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயத்தருகே வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம். அழுத்தி வளைத்த பித்தளைக்குள் ஒரு இறுக்கம் தங்கியிருக்கும், அம்மோனியா அதைப் பிளந்துவிடும்.

[காட்சி: அலமாரியின் பின்பக்கம். பஞ்சில் ஒரு சொட்டு.]

மேல்பூச்சைச் சுரண்டி எடுக்க யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். முதலில் மறைவான இடத்தில் பஞ்சில் ஆல்கஹால் தொட்டுவையுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது செல்லாக், அதாவது நம் அரக்கு. அன்றைக்கு உலகத்துக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் கப்பலேறியது. பழைய அரக்குமேல் புது அரக்கு பூசினால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும், தேய்ந்த இடத்தை மட்டும் நிரப்பலாம். ஆல்கஹாலுக்கு அசையவில்லை என்றால் அது வேறு வார்னிஷ். அழுக்கை மட்டும் துடைத்து, மெழுகு தடவி விட்டுவிடுங்கள்.

பூச்சு காய்ந்ததும் உருளைகளைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். வாசனை முழுக்கப் போகும்வரை சில வாரம் இழுப்பறைகளைத் திறந்தே வையுங்கள். ஓக் மரமே மெல்ல அமில ஆவி விடுகிற மரம். அதனால் மிக அரிய உருளைகளை, குறிப்பாக 1902க்கு முந்தைய பழுப்பு மெழுகு உருளைகளை, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் தனியே வைக்கிறேன். பூஞ்சை பிடித்தால் அவை போனது போனதுதான். முளையில் நிற்பவை அடிக்கடி போட்டுக் கேட்கிற உருளைகள்.

[காட்சி: ஒரு புது முளை தலைகீழாக. அடியில் பென்சில் எழுத்து.]

ஒட்டுவதற்கு முன் கடைசி வேலை. முன்னாலிருந்து பார்த்தால் புது முளையும் பழைய முளையும் ஒன்றுபோலத்தான் இருக்க வேண்டும், அதற்காகத்தானே இத்தனை பாடு. ஆனால் இதை விலை கொடுத்து வாங்கப்போகிறவர் எது அசல் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் ஒவ்வொரு முளையின் அடியிலும், கைப்பிடியின் பின்னாலும், சட்டத்தின் உள்முகத்திலும் செய்த வருடத்தையும் ‘மாற்று’ என்ற சொல்லையும் எழுதுகிறேன். எந்த முளை புதிது என்று இழுப்பறை வாரியாக ஒரு தாளில் படம் வரைந்து, அலமாரியின் பின்பலகையில் ஓர் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

[காட்சி: முளைகள் நிறைந்த இழுப்பறை. ஓர் உருளை தளர்வாக இறங்கி, லேசாக ஆடி, நிற்கிறது. இழுப்பறை மூடுகிறது.]