காலுக்கு நடுவில் போன பந்து

கிருஷ்ணகிரி, தருமபுரி நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டைப் பற்றி எது வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார்கள். கிரிக்கெட் பேச நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் கோல் கீப்பரைப் பற்றிப் பேசுகிறேன். பெரிய பேர் வாங்கிவிட்டு, பிறகு பந்தைப் பிடிக்க முடியாமல் தடுமாறுகிற கீப்பர். அவரைத் திட்டுவதா, தாங்குவதா என்று தெரியாமல் தவிக்கிற ரசிகர்கள்.

நானும் ஒரு காலத்தில் கீப்பர்தான். பள்ளிக்கூட ஹாக்கி அணியில் மூன்று வருஷம் கோலில் நின்றேன். மண் மைதானம். காலில் கட்டுகிற பேடு என் காலை விடக் கனம். ஒரு வருஷம் அரையிறுதியில் நான்கு பந்தைத் தடுத்தேன் என்று தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இறுதிப் போட்டியில் குழந்தை உருட்டிவிட்ட மாதிரி மெதுவாக ஒரு பந்து வந்தது. என் இரண்டு காலுக்கும் நடுவில் போய்விட்டது. தோற்றோம். திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. மறுநாளிலிருந்து எனக்கு ‘சல்லடை’ என்று பெயர். தூக்கிய தோள்கள்தான் பெயரும் வைத்தன.

காய்த்த மரத்துக்குக் கல்லடி என்பார்கள். கீப்பர் விஷயத்தில் அது தலைகீழ். காய்த்துக்கொண்டிருக்கிற வரை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. காய்ப்பு நின்றால்தான் கல் வருகிறது.

நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஷட்டர்களைப் பற்றி நாம் எப்போதாவது பேசியிருக்கிறோமா? பூங்காவுக்குப் போவோம், மீன் வறுவல் சாப்பிடுவோம், வந்துவிடுவோம். 2017 நவம்பரில் ஒரு ஷட்டர் உடைந்து தண்ணீர் கொட்டியபோது ஊரே போய் நின்றது. நானும் போனேன். மற்ற ஷட்டர்கள் தாங்கிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை யார் பார்த்தார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இருக்கிறான். ஓசூர்ப் பையன். வேலைக்குப் போன இடத்தில் ஐஸ் ஹாக்கிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. நம்ம ஓசூரை விட வெயில் கொளுத்துகிற ஊரில் ஐஸ் ஹாக்கியா என்று நானும் கேட்டேன். கூரைக்கு அடியில் ஐஸ் தளம் போட்டு ஆடுகிறார்கள். பந்துக்குப் பதில் பக் என்று ஒரு வட்டமான கறுப்பு ரப்பர். 3 அங்குல விட்டம், ஒரு அங்குலக் கனம், ஏறக்குறைய 170 கிராம். துள்ளக் கூடாது என்று ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைக்கிறார்கள். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். நம் ஹாக்கியில் கோல் 12 அடி அகலம், 7 அடி உயரம். அங்கே 6 அடிக்கு 4 அடிதான். அந்தப் பொந்தை அடைத்துக்கொண்டு ஓர் ஆள் நிற்கிறார். கோல் விழுந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். தப்பு செய்தவுடன் முதுகுக்குப் பின்னால் விளக்கைப் போட்டுக் காட்டுகிற வேலை வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

இந்தக் கணக்கை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஓர் ஆட்டத்தில் கோலை நோக்கி 30 முறை பக்கை அடிக்கிறார்கள் என்று வையுங்கள். நூற்றுக்கு 92 தடுப்பவர் மிக நல்ல கீப்பர். சில வருஷத்துக்கு முன்னால் வரை 90 தடுப்பவரை ‘போய்விட்டான், இனி தேற மாட்டான்’ என்பார்கள். 30 முறைக்குக் கணக்குப் போட்டால் முதல் ஆளுக்கு 2.4 கோல், இரண்டாம் ஆளுக்கு 3 கோல். இரண்டு ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு கோல்தான் வித்தியாசம். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் 60 ஆட்டத்தில் அது 36 கோல். அந்த ஒரு கோலில்தான் எத்தனையோ ஆட்டங்கள் கைமாறுகின்றன. அதனால் ரசிகன் கோபத்தையும் தப்பென்று சொல்ல முடியாது. கீப்பர் பாவம் என்பதும் உண்மைதான்.

மருமகனின் அணி ஃபுளோரிடா பேந்தர்ஸ். அங்கே கோலில் நின்றவர் செர்கேய் பாப்ரோவ்ஸ்கி, ரஷ்யாக்காரர். கொலம்பஸ் அணியில் இருந்தபோது 2013, 2017 என்று இரண்டு முறை, அமெரிக்க, கனடா அணிகள் ஆடுகிற என்.எச்.எல். லீகின் சிறந்த கீப்பர் விருது வாங்கியவர். 2019இல் ஃபுளோரிடா அவரை ஏழு வருஷத்துக்கு 7 கோடி டாலர் பேசி எடுத்தது. நம் பக்கம் தை மாசம் பூவைப் பார்த்து மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பார்களே, அதே கதை. பணம் முன்னாலேயே பேசியாகிவிட்டது. காய் பிடிக்கிறதா, காற்று அடிக்கிறதா என்பது குத்தகைக்காரர் தலையெழுத்து. முதல் வருஷமே அவர் தடுத்தது நூற்றுக்கு 90தான்.

மருமகன் வந்த ஜோரில் அவர் பெயரும் 72ஆம் நம்பரும் போட்ட பனியன் வாங்கியிருந்தான். முதல் வருஷம் போட்டுக்கொண்டான். அப்புறம் அது பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விட்டது. போனில் பேசினால், “மாமா, இந்த ஆளை எவன் தலையிலாவது கட்டிட்டு வரணும் மாமா” என்பான். நான் ஆமாம் என்று ஆரம்பித்தால் உடனே, “இல்ல மாமா, அவர் மேல முழுசா தப்பு சொல்ல முடியாது. முன்னாடி நிக்கிறவங்க ஒழுங்கா மறிக்கணும்ல” என்பான். தான் திட்டலாம், மாமா திட்டக் கூடாது. வீட்டில் அண்ணன் தம்பி மேல் இருக்கிற கோபம் மாதிரிதான்.

திட்டுவதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒன்று மட்டும் பொறுக்காது. 1995 டிசம்பர் 2, கனடாவில் மாண்ட்ரியால். பாட்ரிக் ருவா என்ற கீப்பர் அந்த ஊருக்கு 1986இலும் 1993இலும் ஸ்டான்லி கோப்பை, அதாவது லீகின் சாம்பியன் கோப்பை, வாங்கிக்கொடுத்தவர். அன்று டெட்ராய்ட் அணியிடம் ஒன்பது கோல் விட்டார். பயிற்சியாளர் மாற்று ஆளை இறக்காமல் விட்டுவைத்திருந்தார். நடுவில் ருவா ஒரு சாதாரண அடியைத் தடுத்தார். கூட்டம் கை தட்டியது. கிண்டல் கைதட்டல். அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கடைசியில் வெளியே எடுத்தபோது நேராக அணி நிர்வாகத்தின் தலைவரிடம் போய், இந்த ஊருக்கு இதுதான் என் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டார். நான்கே நாளில் கொலராடோவுக்கு மாற்றினார்கள். அடுத்த ஜூனில் கொலராடோ கோப்பை வாங்கியது. மாண்ட்ரியால் 2008இல் அவருடைய 33ஆம் நம்பரை இனி யாருக்கும் தருவதில்லை என்று மேலே ஏற்றிவைத்துக் கௌரவித்தது. அன்றும் அதே ஊர்தான் கை தட்டியது. எனக்கு அந்த முதல் கைதட்டல்தான் காதில் கேட்கிறது. சல்லடை என்றது கூட எனக்கு மறந்துவிடும். அந்தத் தோல்விக்குப் பிறகு பயிற்சியில் ஒரு பந்தைப் பிடித்ததும் ‘ஓ’ என்று எழுந்தார்களே, அது மறக்காது.

பாப்ரோவ்ஸ்கி கதை முடியவில்லை. 2023இல் நாக்அவுட் சுற்று தொடங்கியபோது கோலில் நின்றது வேறு ஆள். எதிரில் அந்த வருஷம் 65 ஆட்டம் ஜெயித்துச் சாதனை செய்திருந்த பாஸ்டன். நான்காவது ஆட்டத்திலிருந்து பாப்ரோவ்ஸ்கியை நிறுத்தினார்கள். அதிலும் தோல்வி. ஏழு ஆட்டத்தில் முதலில் நான்கு ஜெயிப்பவர்தான் அடுத்த சுற்றுக்குப் போகலாம். 3க்கு 1 என்று பின்தங்கியாகிவிட்டது. ஐந்தாவது ஆட்டம் சமனில் இருக்கிறது. கடைசி நொடிகளில் பாஸ்டனின் பிராட் மார்ச்சண்ட் தனியாளாகப் பாய்ந்து வருகிறார். தடுத்தார். அதிலிருந்து மூன்று ஆட்டமும் ஃபுளோரிடாவுக்கு. இறுதி வரை போய்த் தோற்றார்கள். அந்த மார்ச்சண்டே 2025இல் ஃபுளோரிடாவுக்கு வந்து பாப்ரோவ்ஸ்கியோடு சேர்ந்து கோப்பை தூக்கினார், அது வேறு கதை.

அதற்கு முந்தின வருஷம், 2024 இறுதிச் சுற்றை நானே பார்த்தேன். அங்கே ராத்திரி எட்டு மணி, இங்கே விடிகாலை ஐந்தரை. எட்மண்டனோடு மூன்று ஆட்டம் ஜெயித்தாயிற்று. நான்காவதில் ஐந்து கோல் விட்டு வெளியே வந்தார், எட்டுக்கு ஒன்று. அடுத்த இரண்டும் போயின. மருமகன் பீரோவிலிருந்து எடுத்த பனியனை மறுபடி மடித்துவிட்டான். ஜூன் 25 காலை, ஏழாவது ஆட்டம், டீக்கடை பெஞ்சில் செல்போனை டம்ளரில் சாய்த்து வைத்துப் பார்க்கிறேன். இரண்டுக்கு ஒன்று. ஃபுளோரிடாவின் முதல் கோப்பை. மருமகன் வீடியோவில் கூப்பிட்டான். உடம்பில் 72. எப்போது எடுத்துப் போட்டான் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

போன வருஷம் காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணம். எங்கள் அணியில் சென்டர் ஹாஃப் ஆடியவனும் வந்திருந்தான். தலையெல்லாம் நரைத்துவிட்டது. பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என்னைக் காட்டி, “இந்தத் தாத்தாதான்டா, காலுக்கு நடுவுல கோல் விட்டவர்” என்றான். பையன் என் காலையே பார்த்தான். அரையிறுதியில் தடுத்த நான்கையும் சேர்த்துச் சொல்லப்பா என்றேன். “அதெல்லாம் எனக்கு ஞாபகமில்ல” என்று சொல்லிவிட்டு, பந்தியில் என் பக்கத்து இலையில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துக்கொண்டான்.

வணக்கம்.