சக்கரம் சுழலும் முன்பே தொடங்கும் தேர்வு

நேயர்களுக்கு வணக்கம். கனரக வாகனம் ஓட்டப் பழகுவோருக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தவன் என்பதால், லாரி ஓட்டுநர் உரிமத்தைப் பெறுவது பற்றியும் அதைப் புதுப்பிப்பது பற்றியும் பேச எனக்கு இந்த வாய்ப்பு கிடைத்திருக்கிறது. விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் எல்லா விதிகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இத்தனை டன் எடையை நிறுத்த இவருக்குத் தெரியுமா? ஓட்டத் தெரியுமா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கார் உரிமம் இருந்தால் போதாதா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். போதும் என்று ஒரு காலத்தில் கருதிய இடங்களும் உண்டு. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, பல மாநிலங்களில் கார் உரிமம் வைத்திருந்தவரே டிரெய்லர் இணைத்த பெரிய லாரியையும் ஓட்டலாம் என்ற நிலை இருந்தது. ஒரு மாநில உரிமத்தில் குற்றப்பதிவு ஏறினால், வேறொரு மாநிலத்தில் வாங்கிய உரிமத்தைக் காட்டித் தொழிலைத் தொடர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒருவருக்கு ஒரே உரிமம் என்றும், எடுத்து ஓட்டும் வண்டியின் வகையிலேயே தேர்வு என்றும் அந்தச் சட்டம் வகுத்தது. இந்தியாவிலும் இலகுரக வாகன உரிமத்தை ஓராண்டாவது வைத்திருந்த பிறகுதான் லாரி போன்ற போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம் கிடைக்கும். இந்தக் காத்திருப்பு வீண் தாமதம் என்று எண்ணாதீர்கள். சாலையின் போக்கு கைக்கும் கண்ணுக்கும் பழகிய பிறகுதான் நீளத்தையும் எடையையும் பற்றிக் கவலைப்பட மனத்தில் இடம் இருக்கும்.

தேர்வுக்கு எந்த வண்டியைக் கொண்டுபோகிறீர்கள் என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க முறையில், தானியங்கி கியர் வண்டியில் தேர்வு கொடுத்தவரின் உரிமத்தில், கையால் கியர் மாற்றும் வணிக வண்டியை ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு பதிவாகிவிடும். ஏர் பிரேக், அதாவது காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக், இல்லாத வண்டியில் தேர்வு கொடுத்தாலும் அதே போன்ற கட்டுப்பாடு உண்டு. எளிதாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்த வண்டி பிறகு வேலையின் கதவைப் பாதி மூடிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏர் பிரேக் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என்னிடம் பழகியவர்கள் அதிகம் தடுமாறியது சாலையில் அல்ல, நின்ற வண்டியில் பிரேக்கைச் சோதித்துக் காட்டுவதில்தான். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பிரேக் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் காற்றழுத்தம் தனி லாரியில் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டுக்கு மேலும், டிரெய்லர் இணைத்ததில் 4 பவுண்டுக்கு மேலும் குறையக்கூடாது. பிறகு மிதியை விட்டு விட்டு அழுத்த அழுத்த, காற்றழுத்தமானியின் முள் இறங்கும். 60 பவுண்டை ஒட்டி இறங்கும்போது எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும், ஒலி கேட்க வேண்டும். மேலும் இறங்கி 45க்கும் 20க்கும் இடையே வரும்போது, பார்க்கிங் பிரேக் குமிழ் யாரும் தொடாமலே ‘டப்’ என்று வெளியே தள்ளிக்கொண்டு வரும். அந்தச் சத்தத்தை முதன்முறை கேட்ட ஒரு மாணவர் பதறிப்போய்க் குமிழை மறுபடி உள்ளே அழுத்தப் போனார். காற்று தீர்ந்தாலும் வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே வலிய சுருள்வில் ஒன்று இருக்கிறது, அதைக் காற்றுதான் இதுவரை அடக்கி வைத்திருந்தது என்று விளக்கியதும் அவர் முகம் மாறியதை மறக்க மாட்டேன். வரிசையை மனப்பாடம் செய்தவர் தேர்வு நடத்துபவர் முன்னால் ஒரு படியை விட்டுவிடுகிறார், காரணத்தைப் புரிந்துகொண்டவர் விடுவதில்லை.

பிரேக் மிதியை அழுத்தியதும் காற்று குழாய் வழியே சக்கரத்தை எட்ட அரை நொடியளவு ஆகிறது. மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இடைவெளிக்குள் மட்டுமே வண்டி 32 அடியாவது ஓடிவிடும். கார் பழக்கத்தில் முன்வண்டியை ஒட்டிப் போகிறவரைச் சாலைத் தேர்வில் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

எழுத்துத் தேர்வு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, படித்தால் வரும். பின்னோக்கி ஓட்டுவதற்குப் பொறுமை வேண்டும். சந்தேகம் வந்தால் இறங்கிப் பின்புறத்தைப் பார்த்துவிட்டு வந்து ஏறுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

இனிப் புதுப்பித்தல். இந்தியாவில் போக்குவரத்து வாகன உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறையும், அபாயகரமான சரக்கு ஏற்றும் உரிமம் 3 ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்பட வேண்டும். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடி ஓட்டுத் தேர்வு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறை ஓட்டுநர் 5 ஆண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவச் சான்று அதிகபட்சம் 24 மாதங்களுக்குத்தான் செல்லும், இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அதைவிடக் குறுகிய காலத்துக்கே தருவார்கள். அட்டையில் இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பியிருப்பவர், மருத்துவச் சான்றின் தேதி முடிந்ததும் லாரி ஓட்டும் தகுதியை இழந்து நிற்கிறார். அட்டையில் ஒரு தேதி, சான்றில் ஒரு தேதி. இரண்டையும் தனித்தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மருத்துவப் பரிசோதனையைப் பற்றித்தான் எனக்கு மனக்கவலை. சர்க்கரை நோயையும், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதையும், மங்கும் பார்வையையும் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் மறைப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆயினும், சிகிச்சை எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பலருக்கு உரிமம் தொடர்கிறது என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. என்னுடன் பணியாற்றிய ஒருவர் இரவில் பாதைப் பலகையைப் படிக்க முடியாததை இரண்டு ஆண்டுகள் மறைத்தார். புதுப்பிக்கும் நாள் நெருங்கியபோது என் வற்புறுத்தலால் கண் மருத்துவரிடம் போனார். தேவைப்பட்டது ஒரு கண்ணாடி மட்டுமே. கண்ணாடி அணிந்து ஓட்ட வேண்டும் என்ற குறிப்போடு உரிமம் புதுப்பிக்கப்பட்டது, அடுத்த வாரமே அவர் இரவுச் சவாரிக்குத் திரும்பினார்.