களாக்காயைச் சந்தையில் வாங்கலாம், பலாவை நட்டுத்தான் ஆக வேண்டும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இவ்வளவு பனியிலும் வந்து அரங்கை நிறைத்திருக்கும் டொராண்டோ தமிழ் உறவுகளுக்கும் வணக்கம்.

ஓர் அணியின் இளம் ஐஸ் ஹாக்கி வீரர்களை வரிசைப்படுத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது அவர்கள் ஆட்டத் திறன் நாளை எட்டக்கூடிய உயரமா, இன்று கையில் இருக்கும் உறுதியா? இதுதான் தலைப்பு. உயரம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு பழமொழி சொன்னார். எட்டாத பலாக்காயை விடக் கையில் இருக்கும் களாக்காய் மேல் என்றார். நாளைக்கே நான்காவது லைனில், அதாவது குறைந்த நேரமே களமிறங்கும் கடைசி வரிசையில், ஆடத் தயாராக இருக்கும் 22 வயதுப் பையனை, ஸ்வீடனில் ஆடிக்கொண்டிருக்கும் 18 வயதுப் பையனுக்குக் கீழே வைப்பது அநியாயம் என்றார். கைதட்டலும் வாங்கினார். பழமொழி நல்ல பழமொழிதான். பசியோடு நிற்கிறவனுக்கு அது சரி. ஆனால் நாம் பேசுவது பசியாறுவதைப் பற்றி அல்ல, தோட்டம் போடுவதைப் பற்றி.

வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில் வழக்கமாக ஜூலை 1-ஆம் தேதி சந்தை திறக்கும். ஒப்பந்தம் முடிந்த அனுபவ வீரர்கள் எந்த அணிக்கும் போகலாம். நான்காவது லைனுக்கு ஆள் வேண்டுமா, பெனால்டியால் ஓர் ஆள் குறையும் நேரத்தில் உடம்பைக் குறுக்கே போட்டு பக் எனும் ரப்பர் வட்டைத் தடுப்பவர் வேண்டுமா, அன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம். குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகைக்கே வருவார்கள். அதுதான் களாக்காய். பலாவை அந்தச் சந்தையில் தேடிப் பாருங்கள். உச்சத்தில் இருக்கும் 22 வயது நட்சத்திரத்தை எந்த அணி விற்கும்? அவரை டிராஃப்ட்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் எடுத்து, நீங்களே வளர்த்தால்தான் உண்டு.

நம் ஊர் அணியான மேப்பிள் லீஃப்ஸ் டிராஃப்ட்டில் எடுத்த ஆஸ்டன் மேத்யூஸையே எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று சீசனில் 40, 34, 37 என மொத்தம் 111 கோல் அடித்தார். அந்த மூன்று ஆண்டும் புதுமுக ஒப்பந்தம். போனஸ் நீங்கலாக அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கும் குறைவு. அதே மேத்யூஸுக்கு 2024-25 முதல் ஆண்டுக்கு 1 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர். ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் லீகில் இந்த வித்தியாசத்துக்கு என்ன அர்த்தம் என்று நண்பர் யோசிக்க வேண்டும். உறுதியான நான்காவது லைன் வீரர் பத்துப் பேரைச் சேர்த்து வைத்தாலும் இப்படி ஒரு மிச்சம் கிடைக்காது.

சரி, இப்போது இந்த ஊரின் பழைய காயம் ஒன்றைத் தொட வேண்டியிருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

2005 டிராஃப்ட்டில் 21-ஆவது இடத்தில் மேப்பிள் லீஃப்ஸ் ஒரு ஃபின்லாந்துக் கோல்கீப்பரை எடுத்தது. பெயர் டூக்கா ரஸ்க். அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த ஜஸ்டின் போகி என்ற கோல்கீப்பரும் அணியின் கையில் இருந்தார். 2006 உலக ஜூனியர் போட்டியில் கனடாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் போகி. இறுதிப் போட்டியில் ரஷ்யாவை ஒரு கோல்கூட அடிக்க விடவில்லை. கனடிய ஜூனியர் லீகுகளில் அந்த ஆண்டின் சிறந்த கோல்கீப்பர் விருதும் அவருக்குத்தான். கையில் தங்கம், கையில் விருது. ரஸ்க் எங்கோ தூரத்தில் ஃபின்லாந்தில் இருந்தார். இத்தனைக்கும் அதே உலக ஜூனியரில் சிறந்த கோல்கீப்பராகப் போட்டி நடத்தியவர்கள் தேர்ந்தெடுத்தது ரஸ்கைத்தான்.

அந்த 2006 ஜூன் மாதம் நம் அணி ரஸ்கை பாஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டு ஆண்ட்ரூ ரேகிராஃப்ட் என்ற கோல்கீப்பரை வாங்கியது. ரேகிராஃப்ட் 2004-இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை வென்றவர். என்ஹெச்எல் அனுபவம் உள்ளவர். சீசன் தொடங்கும் அக்டோபரிலேயே வலையில் நிற்பார். எதிரணி நண்பர் கேட்கும் உறுதி மொத்தமும் அவரிடம் இருந்தது. நியாயமாகவே சொல்கிறேன், முதல் சீசனில் 37 வெற்றி தந்தார், அது அணியின் சாதனையைச் சமன் செய்த எண்ணிக்கை. அப்படியும் அணி பிளேஆஃப் எனும் கோப்பைச் சுற்றுக்குப் போகவில்லை. இரண்டு சீசனில் அவர் காலம் இங்கே முடிந்தது. போகி என்ஹெச்எல்லில் ஆடியது மொத்தம் 7 ஆட்டம்.

பாஸ்டன் காத்திருந்தது. 2009-10-இல்தான் ரஸ்க் முழுமையாக மேலே வந்தார். டிராஃப்ட்டிலிருந்து எண்ணினால் நான்கு ஆண்டு. 2014-இல் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பை. ஓய்வு பெறும்போது 308 வெற்றி, பாஸ்டன் வரலாற்றில் வேறு எந்தக் கோல்கீப்பரும் அதுவரை தொடாத எண்.

"இதெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்கிற புத்தி" என்று நண்பர் எழுந்து சொல்வார். உயரம் என்பது கனவு, அதை எதை வைத்து அளப்பாய் என்றும் கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் பதில் கனவு இல்லை. அடித்த கோலும் கோலுக்குத் தந்த உதவியும் சேர்ந்த பாயிண்ட் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், அந்தப் பாயிண்ட்டை எந்த வயதில், யாரோடு மோதி எடுத்தான் என்று பாருங்கள் என்கிறோம். இருபது வயதில் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு எதிராக எடுத்த நூறு பாயிண்ட்டும், பதினெட்டு வயதில் வளர்ந்த ஆண்களுக்கு எதிராக எடுத்த முப்பதும் ஒரே தராசில் ஏறாது.

வயது விஷயத்தில் நம் கண் எவ்வளவு எளிதாக ஏமாறும் தெரியுமா? டிராஃப்ட்டுக்கு வயதுக் கெடு செப்டம்பர் 15, அதற்குள் 18 வயது ஆகியிருக்க வேண்டும். மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டே நாள். அந்த இரண்டு நாள் முன்னால் பிறந்திருந்தால் அவர் இன்னொரு நட்சத்திரமான கானர் மெக்டேவிட்டோடு 2015 டிராஃப்ட்டிலேயே நின்றிருப்பார். பிறந்தது தள்ளிப்போனதால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டி வந்தது. அந்த ஆண்டை ஜூரிக்கில் ஆண்களோடு ஆடிக் கழித்தார். 36 ஆட்டத்தில் 24 கோல். வரிசைப்படுத்தும்போது ஒரு பையன் டிராஃப்ட் வகுப்பிலேயே மூத்தவனா, கடைசியில் பிறந்த இளையவனா என்று பார்க்காதவர்கள் பாதி விஷயத்தைப் பார்க்கவில்லை. இதைப் பார்ப்பதற்குக் கனவு வேண்டாம், பிறந்த தேதி போதும்.

கிரில் கப்ரிசோவை மின்னசோட்டா அணி 2015-இல் ஐந்தாவது சுற்றில், 135-ஆவது இடத்தில் எடுத்தது. ரஷ்யாவில் இருக்கிறவன் எப்போது வருவான், வருவானா என்று கேட்டுக் கீழே தள்ளியிருக்கலாம். வந்தது 2021 ஜனவரியில். முதல் ஆட்டத்திலேயே கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோல். அந்த சீசனின் கால்டர் கோப்பையும் அவருக்கே.

அப்புறம் அலெக்சாந்தர் டெய்கிள். 1993-இல் ஒட்டாவா முதலாவதாக எடுத்தவர், உயரத்தை நம்பிக் கெட்டதற்குச் சாட்சி அவர்தான் என்று நண்பர் சொன்னார். அதே டிராஃப்ட்டில் இரண்டாவதாகப் போனவர் கிறிஸ் ப்ராங்கர். 2000-இல் லீகின் மிகச்சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை ஒரு டிஃபென்ஸ்மேனாக வென்றவர். அவரையும் 18 வயதில் எட்டக்கூடிய உயரத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அப்படியானால் ஒட்டாவா செய்த தவறு என்ன? உயரத்தைத் தேடியது தவறா? எது உண்மையான உயரம் என்று அளந்ததில்தான் தவறு. அதற்கு மருந்து இன்னும் கவனமாக அளப்பது. நான்காவது லைன் வீரரைத் தூக்கிப் பட்டியலின் மேலே வைத்தால் அந்த நோய் தீராது.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டது, ஒரு நிமிடம் தாருங்கள்.

2013 மே 13. பிளேஆஃப் முதல் சுற்றின் ஏழாவது ஆட்டம், தோற்றவர் வெளியேற வேண்டிய ஆட்டம், பாஸ்டனில். மூன்றாவது பீரியடில் நாம் 4-1 என்று முன்னால் இருந்தோம். இங்கே டொராண்டோவில் ஹாக்கி அரங்குக்கு வெளியே பெரிய திரையின் முன்னால் இந்த ஊரே நின்றது. ஒரு கோல் போனது. பிறகு கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இரண்டு. கூடுதல் நேரத்தில் 5-4 என்று தோற்றோம். அந்த இரவை இந்த அரங்கில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று பாஸ்டன் வலையில் நின்றவர் டூக்கா ரஸ்க். 2018-இலும் 2019-இலும் ஏழாவது ஆட்டத்தில் நம்மை வீட்டுக்கு அனுப்பிய பாஸ்டனின் வலையிலும் அவர்தான் நின்றார்.

நம் பட்டியலில் இருந்த பையன் அவர். நன்றி, வணக்கம்.