வீட்டுக் கணினி: நாமே அசெம்பிள் செய்வதே சிறந்தது

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக் கணினியைப் பாகம் பாகமாக வாங்கி நாமே அசெம்பிள் செய்வதா, கம்பெனி பூட்டிக் கொடுப்பதை அப்படியே வாங்குவதா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார். இது வல்லுநர் வேலை, ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள் என்றார். பழுதானால் யாரிடம் போய் நிற்பீர்கள் என்று கேட்டார். இத்தனைக்கும் நேரம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. அதற்கு முன், அவர் பேசாமலே விட்டுவிட்ட ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நடுவர் அவர்களே, ஒரு ரெடிமேட் கணினியின் விளம்பரத்தைப் படித்துப் பாருங்கள். பிராசசரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ராம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 512 ஜிபி என்று இருக்கும். எஸ்எம்பிஎஸ் யாருடைய தயாரிப்பு என்று பெரும்பாலும் இருக்காது. எல்லாப் பாகங்களையும் தாங்கி இணைக்கும் மதர்போர்டின் மாடலும் இருக்காது. வாங்குகிறவர் கண் எங்கே போகுமோ அங்கே கம்பெனி கை வைப்பதில்லை. கண் போகாத இடத்தில்தான் சிக்கனம் பிடிக்கிறது.

அந்த எஸ்எம்பிஎஸ் செய்கிற வேலை என்ன? சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று மாற்றி ஒவ்வொரு பாகத்துக்கும் ஊட்டுவது அதுதான். அது தரமற்றதாக இருந்து வெடித்துப்போனால் தான் மட்டும் போகாது. சில நேரங்களில் மதர்போர்டையும் வட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். 2004 முதல் '80 பிளஸ்' என்றொரு சான்று இருக்கிறது. 20, 50, 100 விழுக்காடு சுமைகளில் குறைந்தது 80 விழுக்காடு திறனோடு, அதாவது வாங்கும் மின்சாரத்தில் அவ்வளவையாவது வீணாக்காமல் பாகங்களுக்குக் கொடுத்து, இயங்கினால் அந்தச் சான்று கிடைக்கும். ஆனால் அது திறனுக்கான சான்றுதான், பாதுகாப்புக்கானது அல்ல. மின்னழுத்தம் எகிறினாலோ மின்னோட்டம் அளவு மீறினாலோ தானாக அணைந்துகொள்ளும் வசதி இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். தானே தேர்ந்தெடுத்து வாங்குகிறவர் இதைப் பார்க்கிறார். பெட்டியாக வாங்குகிறவருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ராம் விஷயத்தையும் பாருங்கள். 16 ஜிபி என்பதை ஒரே குச்சியாகவும் தரலாம், எட்டு எட்டாக இரண்டு குச்சிகளாகவும் தரலாம். விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுதான். இயங்கும்போது ஒன்றல்ல. இரண்டு குச்சிகளைச் சரியான இடங்களில் செருகினால் பிராசசர் இரண்டு வழிகளிலும் ஒரே நேரத்தில் தரவை எடுக்கிறது. ஒற்றைக் குச்சியில் ஒரு வழி சும்மா கிடக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினியில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும், ஏனென்றால் படம் காட்டும் வேலைக்கும் அதே ராமைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இனி எதிரணித் தலைவரின் முதல் குற்றச்சாட்டு. வல்லுநர் வேலையா? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1975இல் ஆல்டேர் 8800 வந்தபோது, அதை உதிரிப் பாகங்களாக வாங்கியவர் சாலிடரிங் இரும்பை எடுத்து ஒவ்வொரு உறுப்பாகப் பற்றவைக்க வேண்டியிருந்தது. 1976இன் ஆப்பிள் 1 வெறும் போர்டாகத்தான் விற்கப்பட்டது. பெட்டி, கீபோர்டு, மின்வழங்கி எல்லாம் வாங்குகிறவர் பாடு. பிறகு 1981இல் ஐபிஎம் தன் பிசியைப் பிறர் தயாரித்த பாகங்களைக் கொண்டு கட்டியது; கூடுதல் கார்டுகளைச் செருக இடம் விட்டு, சுற்று வரைபடங்களையும் நூலாக வெளியிட்டது. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டில் திருகுத் துளைகள் எங்கே இருக்க வேண்டும் என்பதுவரை அது வரையறுத்தது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் போர்டு இன்னொரு நிறுவனத்தின் கேபினெட்டில் உட்காருகிறது.

இன்று பற்றவைப்பு இல்லை. மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டின் லீவரைத் தூக்குகிறோம். பிராசசரின் மூலையில் ஒரு சிறு முக்கோணம் இருக்கும், சாக்கெட்டின் மூலையிலும் இருக்கும். இரண்டையும் நேர்படுத்தி மெதுவாக வைத்தால் போதும், தன் எடையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அங்கே அழுத்தவே கூடாது. ராமுக்கு நேர்மாறு: பிடிப்பான் 'டக்' என்று விழும்வரை தைரியமாக அழுத்த வேண்டும். முந்தைய தலைமுறை ராமான டிடிஆர்4 குச்சியை அடுத்த தலைமுறைக்கான டிடிஆர்5 போர்டில் செருக முயன்றால் வெட்டுப் பள்ளம் இடம் மாறியிருப்பதால் அது உள்ளே போகாது. பெரும்பாலும் தவறாகச் செருக முடியாதபடி பாகங்களையே வடிவமைத்து வைத்திருக்கிறார்கள். சாக்கெட்டின் ஊசிகள் வளைந்துவிடாமல் கவனம் வேண்டும், வேலை தொடங்கும் முன் கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். இந்த எச்சரிக்கைகள் மதர்போர்டின் கையேட்டில் படத்தோடு இருக்கின்றன. டிடிஆர்5 கணினியை முதன்முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் இருண்டே இருக்கலாம். போர்டு தன் ராமைச் சோதித்துச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. பயந்து அணைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பழுதானால் யாரிடம் போவது? ஒவ்வொரு பாகத்துக்கும் அதனதன் உத்தரவாதம் உண்டு. நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு 7, 10 ஆண்டுகள்கூடத் தருகிறார்கள். எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல மதர்போர்டுகளில் பிராசசர், ராம், கிராபிக்ஸ் என்று தனித்தனி விளக்குகள் இருக்கின்றன. எது தடுக்கிறதோ அந்த விளக்கு எரிந்து நிற்கும். ராம் என்று காட்டினால் ஒரு குச்சியைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துப் பார்க்கிறோம். பழுதான குச்சி மட்டும் சர்வீசுக்குப் போகிறது. ரெடிமேட் கணினி பழுதானால் பல நேரங்களில் மொத்தப் பெட்டியும் வீட்டை விட்டுப் போகிறது. குடும்பப் படங்களும் கணக்கு வழக்குகளும் உள்ள வட்டும் அதற்குள்ளேதான் போகிறது. அது எத்தனை நாள் யார் மேசையில் கிடக்கும்?

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பூட்டுவதற்கு அரை நாள் போதும். பாகங்களைத் தேர்ந்தெடுக்கத்தான் கூடுதல் நாட்கள் ஆகும். நாளைக் காலையில் வேலைக்குக் கணினி வேண்டும் என்கிற நிலையில் இருப்பவர் ரெடிமேடாகவே வாங்கட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். ராமும் கிராபிக்ஸ் கார்டும் தட்டுப்பாடாக இருக்கும் காலத்தில், மொத்தமாக வாங்கும் கம்பெனியின் பெட்டி சில சமயம் மலிவாகக் கிடைக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன்.

ஆனால் வாங்கிய நாளோடு கணக்கு முடிந்துவிடுகிறதா, நடுவர் அவர்களே? பிராசசர் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. 2017இல் முதல் தலைமுறை ரைசன் பிராசசரோடு ஒருவர் தன் கையால் ஒரு கணினி கட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அவருடைய பிராசசரை ஏற்பதில்லை. அவர் என்ன செய்வார்? போர்டு தயாரிப்பாளர் வெளியிட்ட புதிய பயாஸை, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளை, ஏற்றுவார். நான்கு திருகுகளைக் கழற்றி, பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கை எடுப்பார், இரண்டுக்கும் இடையில் தடவியிருந்த பழைய தெர்மல் பேஸ்டைத் துடைப்பார், அதே சாக்கெட்டில் ரைசன் 5000 வரிசைப் பிராசசர் ஒன்றை வைப்பார். போர்டு அதேதான், ராம் அதேதான், கேபினெட் அதேதான். விண்டோஸ் 11 ஏறிவிடும்.

எதிரணி சிபாரிசு செய்கிற பெட்டிகளில் சிலவற்றுக்குள் அந்தந்தக் கம்பெனியே வடிவமைத்த போர்டும், வேறெதற்கும் பொருந்தாத மின் இணைப்பும் இருக்கின்றன. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸைக்கூட அதில் மாட்ட முடியாது. எனக்குப் பின் பேச வருகிற எதிரணி நண்பர் இந்த அவைக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லட்டும்: அப்படியொரு பெட்டியில் எஸ்எம்பிஎஸ் மட்டும் போய்விட்டால், அந்தப் பாகத்தைக் கம்பெனி தயாரிப்பதையும் நிறுத்திவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் மற்ற பாகங்களையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் பொருத்தச் சொல்கிறார்?

நன்றி, வணக்கம்.