இருமினால் கசிகிறதா, அவசரத்தில் கசிகிறதா? அறுவை இல்லாத சிகிச்சைகள்

[திரையில்: தும்மும் பெண், அவசரமாகச் சாவி போட்டுக் கதவைத் திறக்கும் பெண்]

சிறுநீர் கசிவதை தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் அம்மாக்கள் மகளிடம்கூடச் சொல்வதில்லை. பேட் வைத்துச் சமாளிக்கிறார்கள். தைப்பூசக் காவடி நாளில் வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று தண்ணீரையே நிறுத்திவிடுகிறார்கள். அப்போது சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் கூடும்.

இருமல், தும்மல், பாரம் தூக்குதல், இவற்றின்போது கசிந்தால் அது அழுத்தக் கசிவு. சிறுநீர்க் குழாய்க்கு அடியிலுள்ள தாங்கல் தளர்ந்திருக்கிறது. திடீரென முட்டி, கழிப்பறைக்குப் போவதற்குள் நனைந்தால் அவசரக் கசிவு. பை நேரம் தப்பிச் சுருங்குகிறது. பலருக்கு இரண்டும் இருக்கும். அதிகம் தொல்லை தருவதிலிருந்து தொடங்க வேண்டும். எது என்று பிரிக்காமல் மாத்திரை வாங்குவது வீண், ஏனென்றால் அவசரக் கசிவு மாத்திரை அழுத்தக் கசிவுக்கு வேலை செய்யாது.

[திரையில்: மூன்று நாள் குறிப்பு]

மூன்று நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், என்ன செய்யும்போது கசிந்தது. அதோடு எல்லா மாத்திரைகளையும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அந்த இருமலே கசிய வைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றித் தரக் கேளுங்கள். சர்க்கரை கட்டுப்படாவிட்டாலும் சிறுநீர் பெருகும். சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், தொடைகளுக்கு நடுவே மரப்பு, சிறுநீர் வராமல் அடைப்பது இருந்தால் குறிப்பெல்லாம் எழுதிக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

[திரையில்: இடுப்புத் தளத் தசையின் படம்]

அழுத்தக் கசிவுக்கு முதல் மருந்து, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கான இடுப்புத் தளப் பயிற்சி. காற்றை அடக்குவதுபோல் ஆசனவாயை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கம் கொண்டுவந்து மேலே இழுங்கள். முடிந்த அளவு பிடியுங்கள். மெதுவாகப் பத்து விநாடிக்கு உயர்த்தலாம். பிடித்த அளவு நேரமே தளர்த்தியும் விடுங்கள். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இருமும் முன்பே ஒருமுறை இறுக்கிப் பிடிக்கவும் பழகுங்கள்.

பயிற்சி பலிக்காமல் போவது பெரும்பாலும் இங்கேதான்: மூச்சை அடக்குவது, பிட்டத்தை இறுக்குவது, எல்லாவற்றையும்விட மோசமாக, கீழ்நோக்கி முக்குவது. படுத்துக் கைக்கண்ணாடியில் பாருங்கள். யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுப்பகுதி உள்ளே போக வேண்டும். வெளியே புடைத்தால் தவறு. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சோதித்துச் சொல்வது நல்லது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்துவதைப் பயிற்சியாக்காதீர்கள். பயிற்சியோடு, தசை இறுகுவதைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக் கருவியும் வேண்டுமா? பிரிட்டனில் 600 பெண்களிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை.

யோனிக்குள் வைக்கும் சிலிகோன் வளையமான பெசரி குழாயைத் தாங்கும். பயிற்சிக்குப் பொறுமை இல்லாதவருக்கும், ஓடும்போது மட்டும் கசிகிறவருக்கும் நல்லது. அளவு சரியில்லையென்றால் நழுவும், உறுத்தும். ரத்தமோ நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ வந்தால் காட்டுங்கள். உடல் பருமனுள்ளவர்களுக்கு எடைக் குறைப்பு உதவும்: ஓர் அமெரிக்க ஆய்வில் சராசரி 8 சதவீதம் எடை குறைந்த குழுவில் வாரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது.

[திரையில்: கடிகாரம்]

அவசரக் கசிவுக்குச் சிறுநீர்ப்பைப் பயிற்சி, குறைந்தது ஆறு வாரம். மணிக்கொருமுறை போகிறீர்களா? அவசரம் வந்ததும் ஓடாமல் உட்கார்ந்து இடுப்புத் தளத் தசையைச் சிலமுறை இறுக்குங்கள். அலை தணிந்தபின் நடங்கள். இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாகக் கூட்டி, மூன்று நான்கு மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். எதற்கும் ஒருமுறை போய்வருவோம் என்ற பழக்கத்தை விடுங்கள். டீ, காப்பிக்குப் பதில் ரூய்போஸ் என்ற மூலிகை டீ குடிக்கலாம், அதில் காஃபீன் கிடையாது.

இதிலும் அடங்காவிட்டால்தான் மாத்திரை. ஆக்ஸிபியூட்டினின் வாய் உலர்த்தும், மலம் கட்டும். முதியவர்களுக்கு மனக்குழப்பமும் தரலாம், அவர்களுக்குத் தவிர்ப்பது நல்லது. மிராபெக்ரானுக்கு அந்தத் தொல்லைகள் குறைவு, ஆனால் ரத்த அழுத்தம் 180/110 எட்டினால் கூடாது. மாதவிடாய் நின்று யோனி வறண்டவர்களுக்கு அங்கே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அவசரத்தைத் தணிக்கும். அவசரக் கசிவுக்குக் கணுக்கால் அருகே நரம்பை ஊசியால் தூண்டும் சிகிச்சையும் உண்டு: வாரம் 30 நிமிடம், 12 வாரம்.

லேசர் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டும் முன் ஒன்று தெரிந்திருக்கட்டும்: கசிவு உள்ளிட்ட குறைகளுக்கு யோனியில் லேசர் செய்வது பாதுகாப்பானது, பலன் தரும் என்று நிறுவப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது.