சூர்யாவின் கண்ணும் என் காதும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, தோட்டத்து அக்கா தங்கச்சிமாரே, திருவிழாக் கடையில் வடை வாங்கிக்கொண்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம்.

தமிழ் நடிகர்களைத் தெலுங்குக்காரர்கள் கொண்டாடுகிறார்களே, அது முகத்துக்கா, தெலுங்கில் பேசும் குரலுக்கா? இதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் தன் நேரத்தில் பாதியைச் சூர்யாவின் கண்ணுக்கே கொடுத்துவிட்டார். 'கஜினி'யில் அந்தக் கண் போதுமாம், மொழியே வேண்டாமாம். சரி, அவர் கண்ணைப் பார்க்கட்டும். நான் காதுக்காக வாதாட வந்திருக்கிறேன்.

படம் பார்ப்பதற்கு முன்பே படம் கேட்டவர்கள் நாம். எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே ஒரு ரேடியோ. இலங்கை வானொலியில் ஒலிச்சித்திரம், அதாவது படத்தின் வசனத்தையும் பாட்டையும் மட்டும் போட்டால், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு அம்மாயி வாசலில் உட்கார்ந்துவிடும். சிவாஜி அழுதால் அம்மாயியும் அழும். அப்போது அது சிவாஜியின் முகத்தைப் பார்த்ததே இல்லை! வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரலை அறியாத லயம் உண்டா? அவர் முகத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர், கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கைகூட இல்லை. நடுவர் ஐயா குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே சிவாஜி தெலுங்கு நாட்டுக்குப் போனபோது அவருக்குக் குரல் கொடுத்தவர் தெலுங்கு நடிகர் ஜக்கய்யா. கமலுக்கு எஸ்.பி. பாலசுப்பிரமணியம். 'முத்து' காலத்திலிருந்து ரஜினிக்குப் பாடகர் மனோ. நமக்குப் பாட்டுக்காரர், அவர்களுக்கு ரஜினியே அவர்தான். இதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. தேனிப் பக்கம் பிறந்த ராஜசேகர் தெலுங்கில் பெரிய நாயகன் ஆனார். 'இதுதாண்டா போலீஸ்' என்று தமிழுக்கு வந்ததே, அந்தப் படத்தின் நாயகன் அவர்தான். தெலுங்கில் அவர் உறுமிய உறுமல் எல்லாம் நடிகர் சாய்குமாருடையது. நேரடித் தெலுங்குப் படத்துக்கே குரலைக் கடன் வாங்க வேண்டியிருந்தது என்றால், டப்பிங் படத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

அந்த வேலை சும்மா இல்லை. திரையில் நடிகர் "வேண்டாம்" என்கிறார். கடைசியில் உதடு மூடுகிறது. தெலுங்கில் அதற்கு "வத்து". உதடு திறந்தே நிற்கிறது. பொருளும் கெடக் கூடாது, வாயும் ஒட்ட வேண்டும். ப, ம வரும் இடத்தில் அங்கேயும் ஒரு ப, ம தேடிப் பிடிக்க வேண்டும். வசனம் எழுதுகிறவர் படும் பாடு நம் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் நிறுவைக்காரர் படும் பாட்டை விட மோசம். எழுதியது பொருந்தினாலும், பேசுகிறவர் அதே மூச்சில் அழ வேண்டும், அதே மூச்சில் அதட்ட வேண்டும்.

எதிரணி அக்கா 'பிச்சைக்காரன்' படத்தை எடுத்துப் போட்டார். நன்றி அக்கா, அது எங்கள் சாட்சி! 2016இல் அது 'பிச்சகாடு' ஆகித் தெலுங்கில் சக்கைப்போடு போட்டது. அதற்கு முன் ஆந்திராவில் விஜய் ஆண்டனியின் முகத்தை எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாத முகத்துக்கா அத்தனை கூட்டம்? தாயைக் காப்பாற்றப் பிச்சை எடுக்கும் மகனின் கதை அவர்களுடைய பேச்சில் போய்ச் சேர்ந்தது. "அம்மா" என்ற சொல் மட்டும் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த ஒரு இடத்தில் வசனகர்த்தாவுக்கு வேலை மிச்சம்.

கார்த்தி சொந்தக் குரலில் பேசினாரே என்று கேட்டார்கள். பேசினார். நாகார்ஜுனாவோடு நடித்த 'ஊபிரி'யில் தெலுங்கு கற்றுத் தானே பேசினார். நான் கேட்கிறேன், முகம் போதும் என்றால் அந்த மனிதர் எதற்காக அந்தப் பாடுபட வேண்டும்? 'பையா' தெலுங்கில் 'ஆவாரா' ஆன நாளிலேயே முகம் அங்கே பழகிவிட்டதே! காது தன்னைச் சொந்தக்காரனாக ஏற்க வேண்டும் என்றுதானே?

முகத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 'சிங்க'த்தில் சூர்யாவின் மீசையை எந்தக் குரலாலும் முளைக்க வைக்க முடியாது. ஆனால் அந்தச் சிங்கம் தெலுங்கில் கர்ஜித்தது சீனிவாசமூர்த்தி என்பவரின் தொண்டையில். 'அந்நியன்' அங்கே 'அபரிசிதுடு' ஆனபோது விக்ரமுக்கும் அவர்தான், அஜித்துக்கும் அவர்தான். மூன்று முகத்துக்கு ஒரே தொண்டை, ரசிகர்கள் முகம் சுளிக்கவில்லை. ஒரே முகத்துக்கு மூன்று குரலை மாற்றிப் பாருங்கள், இடைவேளைக்குள் தியேட்டர் காலி.

சீனிவாசமூர்த்தி 2023 ஜனவரியில் காலமானார். அன்று சூர்யா எழுதிய இரங்கல் செய்தியை எதிரணி அண்ணன் படிக்கவில்லை போலும். தெலுங்கில் தன் நடிப்புக்கு உயிர் கொடுத்தது அவருடைய குரல் என்று எழுதியிருந்தார். அண்ணன் அத்தனை நேரம் புகழ்ந்தாரே, அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரரே எங்கள் அணியில் வந்து உட்கார்ந்துவிட்டார் ஐயா.