வகுப்பில் உடை நனைந்தால் திட்டாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் உடையிலேயே சிறுநீர் போய்விடும் குழந்தை சோம்பலால் அப்படிச் செய்வதில்லை, அடத்தாலும் இல்லை. பெரும்பாலும் அது அடக்கி அடக்கி வந்த வினை.

ஓடிப்பிடித்து விளையாடும் சிறுமி சட்டென்று நின்று, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குதிகாலை அடியில் அழுத்திக்கொள்வாள். ஷூ லேஸ் கட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில், முட்டிக்கொண்டு வரும் சிறுநீரை அவள் நிறுத்தப் பார்க்கிறாள்.

குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும்? வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்குங்கள். ஆறு வயதுக்குச் சுமார் 210 மில்லி, அவ்வளவுதான். அடக்கியே பழகினால், கழிக்கும்போதுகூடத் தசை முழுசாகத் தளராது. மிச்சம் உள்ளேயே தங்கும், கிருமித்தொற்று வரும். மலச்சிக்கலும் இதில் சேர்ந்துகொள்ளும். கெட்டிப்பட்ட மலம் சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. பல குழந்தைகளுக்கு மலச்சிக்கலைச் சரிசெய்தாலே நனைவது குறைந்துவிடுகிறது. இதை எத்தனை பேர் யோசிக்கிறோம்?

சரி, ஏன் அடக்குகிறார்கள்? "இப்பதானே இன்டர்வெல் முடிஞ்சுது, உட்காரு" என்று நாம் சொல்வதால். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாததால். நாற்றத்தால். எல்லார் முன்னாலும் எழுந்து அனுமதி கேட்க வெட்கமாக இருப்பதால். அப்புறம் குழந்தை தானாகவே ஒரு வழி கண்டுபிடிக்கிறது: தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறது. பெற்றோர்களே, காலையில் நிரப்பிக்கொடுத்த பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும், மலமும் இறுகும். தொல்லை கூடத்தான் செய்யும்.

ஒருமுறை நனைந்து, பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரித்துவிட்டால், மறுநாள் காலையில் அந்தக் குழந்தைக்கு வயிற்றுவலி வரும். பாடம் மண்டையில் ஏறாது. கவனமெல்லாம் கடிகாரத்தின் மேல்தான்.

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அவசரம் வருகிறதோ இல்லையோ, போய்வரப் பழக்குங்கள். மேற்கத்திய கழிப்பறை என்றால் கால் தொங்காமல் ஒரு பலகை வையுங்கள். ஆசிரியர்கள் அந்தக் குழந்தையோடு ஒரு சைகையைத் தனியாகப் பேசி வைத்துக்கொள்ளலாம். அதைக் காட்டினால் கேள்வி கேட்காமல் அனுப்பிவிடுங்கள். மாற்றுடை ஒன்று பையில் இருக்கட்டும். தண்டனை மட்டும் வேண்டவே வேண்டாம். பயந்த குழந்தை இன்னும் அதிகமாக அடக்கும்.

காய்ச்சல், எரிச்சல், எப்போதும் சொட்டிக்கொண்டே இருப்பது, நன்றாக இருந்த குழந்தை திடீரென்று நனைக்கத் தொடங்குவது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். தாகம் அடங்காமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீரும் போய், உடம்பும் இளைத்தால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும்.

தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளைக்கே உங்கள் பள்ளியின் கழிப்பறைகளுக்குள் போய், ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்து தாழிட்டுப் பாருங்கள். நன்றி.